சுற்றுகிற வட்டம் யாருக்காகக் காத்திருக்கிறது?

– மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் டிப்ளமோ மாணவன், பத்தமடை



"சார், சுத்துது சார்!" நம் லேபில் ஒரு பீரியடுக்கு நாலு தடவையாவது காதில் விழும் வார்த்தை இது. மவுஸ் அம்பு காணாமல் போய் அந்த இடத்தில் ஒரு நீல வட்டம் சுற்றத் தொடங்கிவிடும். அடுத்து நாம் என்ன செய்கிறோம்? மவுஸை மேஜையில் இரண்டு தட்டு தட்டுகிறோம். பத்து தடவை கிளிக் செய்கிறோம். அப்புறம் பவர் பட்டனில் கை வைத்துவிடுகிறோம். மிஷின் திரும்ப எழுந்து வந்ததும் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். மறுநாள் அதே மிஷினில் அதே வட்டம்!

இதற்காகப் புது மவுஸ் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். மவுஸை அசைத்தால் வட்டமும் கூடவே நகர்கிறதா? நகர்ந்தால் மவுஸுக்கு ஒன்றும் இல்லை, காசை மிச்சம் பிடியுங்கள். அந்த வட்டம் விண்டோஸ் நமக்கு அனுப்பும் ஒரு சேதி. 'கொஞ்சம் பொறு, ஒருத்தர் வேலையாக இருக்கிறார்' என்று அது சொல்கிறது. அந்த ஒருத்தர் யார் என்பதை மட்டும் சொல்லாது. அவரைக் கண்டுபிடித்துவிட்டால் ரிப்பேர் முக்கால்வாசி முடிந்த மாதிரிதான். எப்படிக் கண்டுபிடிப்பது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

மணல் போய் வட்டம் வந்தது

நம் முன்னோர்கள் நாழிகை வட்டில் வைத்து நேரம் பார்த்தார்கள். ஒரு நாழிகை என்பது 24 நிமிடம். கம்ப்யூட்டர்க்காரர்களும் 'காத்திரு' என்று சொல்ல முதலில் கடிகாரத்தைத்தான் எடுத்தார்கள். 1984-இல் வந்த மேக்கின்டாஷில் ஒரு குட்டிக் கைக்கடிகாரம். 1985-இல் வந்த விண்டோஸில் மணல் கடிகாரம். 2007 ஜனவரி 30 அன்று விண்டோஸ் விஸ்டா பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தபோதுதான் மணல் கடிகாரம் போய் இந்த வட்டம் வந்தது. மணல் கடிகாரத்தைப் பார்த்தால் மணல் எப்போதாவது தீரும் என்ற நம்பிக்கையாவது மனசுக்கு இருக்கும். வட்டத்துக்கு ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. என்னைக் கேட்டால் பழையதே மேல்.

வட்டம் ஒன்றல்ல, இரண்டு

இதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம். அம்பே இல்லாமல் முழு வட்டம் மட்டும் தெரிவது ஒன்று. அம்புக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் ஒட்டிக்கொண்டு தெரிவது இன்னொன்று. கன்ட்ரோல் பேனலில் மவுஸ் என்பதைத் திறந்து 'பாயின்டர்ஸ்' பக்கத்துக்குப் போனால் இரண்டும் தனித்தனிப் பெயரோடு இருக்கும். முதலாவதன் பெயர் 'பிஸி'. இரண்டாவதன் பெயர் 'வொர்க்கிங் இன் பேக்கிரவுண்ட்'. இரண்டுக்கும் காரணம் வேறு. அதனால் வைத்தியமும் வேறு.

முதலில் முழு வட்டம். ராத்திரி நேரப் பரோட்டாக் கடை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு வீசுவதும் ஆர்டர் வாங்குவதும் ஒரே மாஸ்டர். சர்வர்கள் ஆர்டர் சீட்டை ஒரு கம்பியில் குத்தி வைத்துக்கொண்டே போகிறார்கள். மாஸ்டர் ஒவ்வொரு சீட்டாக எடுத்து வேலையை முடிக்கிறார். எல்லாம் நன்றாக நடக்கிறது. திடீரென்று அவர் ஒரு பெரிய பார்சல் ஆர்டரில் மூழ்கிவிட்டால்? கம்பியில் சீட்டு ஏறிக்கொண்டே போகும், எடுக்க ஆள் இருக்காது.

விண்டோஸில் ஜன்னலை ஓட்டும் ஒவ்வொரு 'த்ரெட்'டுக்கும் இப்படி ஒரு கம்பி உண்டு. அதற்கு 'மெசேஜ் கியூ' என்று பெயர். நாம் செய்யும் ஒவ்வொரு கிளிக்கும், அழுத்தும் ஒவ்வொரு விசையும், 'ஜன்னலைத் திரும்ப வரை' என்ற உத்தரவும் ஒரு சீட்டு. புரோகிராம் அவற்றை வரிசையாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 5 வினாடி வரை ஒரு சீட்டைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை என்றால், 'இது பதில் சொல்லவில்லை' என்று விண்டோஸ் முடிவு கட்டிவிடும். தலைப்பில் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று எழுதும். ஜன்னல் வெளுத்துப் போகும். அப்போது நாம் பார்ப்பது அசல் ஜன்னல்கூட இல்லை. அதை மறைத்துவிட்டு விண்டோஸ் வைத்த ஒரு நகல். அதன் மேல் மவுஸைக் கொண்டுபோனால் முழு வட்டம் தெரியும்.

இதில் ஒரு ஆபத்து உண்டு. பொறுமை இழந்து நாம் பத்து தடவை கிளிக் செய்தால், அதில் சிலது கம்பியில் ஏறி உட்கார்ந்திருக்கலாம். புரோகிராம் முழித்துக்கொண்டதும் அவற்றை வரிசையாக நிறைவேற்றும். 'சேமிக்காமல் மூடவா?' என்ற கேள்விக்கு நம்மை அறியாமலே 'ஆம்' விழுந்துவிடும். பாதி ரெக்கார்டு டைப் செய்து தொலைத்தவர்களுக்கு இப்போது விஷயம் புரிந்திருக்கும்.

நம்பிக்கை இல்லாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள். விஷுவல் பேசிக்கோ சி ஷார்ப்போ, ஒரு ஃபார்மில் ஒரு பட்டன் வையுங்கள். அந்தப் பட்டனின் கிளிக் பகுதியில் முடிவில்லாத ஒரு 'வைல்' லூப் எழுதி ஓட்டுங்கள். பட்டனை அழுத்திவிட்டு அதே ஜன்னலில் இன்னும் இரண்டு கிளிக் கொடுங்கள். ஐந்தாறு வினாடியில் ஜன்னல் வெளுக்கும், வட்டம் வரும். இப்போது மவுஸை அந்த ஜன்னலை விட்டு வெளியே கொண்டுவாருங்கள். அம்பு திரும்பி வந்துவிடும்! மிஷின் தொங்கவில்லை, ஒரு புரோகிராம்தான் தொங்கியது என்று அப்போது தெரியும். நம் புராஜெக்ட்டில் பெரிய வேலைகளைப் பட்டனின் கிளிக்குக்குள்ளேயே எழுதாமல் தனி 'த்ரெட்'டில் போடச் சொல்வதற்குக் காரணமும் இதுதான்.

அம்பு ஒட்டிய சின்ன வட்டம்

இதன் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. நாம் ஒரு புரோகிராமைத் திறக்கிறோம். திறந்த உடனே விண்டோஸ் அம்பின் பக்கத்தில் சின்ன வட்டத்தைப் போட்டு 2 வினாடி பார்க்கும். அதற்குள் அந்தப் புரோகிராம் திரைக்கான முதல் அசைவைக் காட்டினால் இன்னும் 5 வினாடி தவணை கொடுக்கும். அந்த 5 வினாடிக்குள் ஒரு ஜன்னலைக் காட்டினால், அதை வரைந்து முடிக்க மேலும் 5 வினாடி. புரோகிராம் தன் முதல் சீட்டை எடுக்க வந்த கணத்தில் வட்டம் போய்விடும். இது மைக்ரோசாப்ட் வகுத்து வைத்திருக்கும் விதி.

கூட்டிப் பாருங்கள். 2, 5, 5. எப்படிப் பார்த்தாலும் 12 வினாடிக்கு மேல் ஒரு புரோகிராமின் துவக்கத்துக்காக இந்த வட்டம் நிற்க வழி இல்லை. அப்படியானால் மணிக்கணக்கில் அம்பின் பக்கத்தில் சின்ன வட்டம் விட்டுவிட்டுத் தெரிந்தால் என்ன அர்த்தம்? பெரும்பாலும் ஒன்றுதான். ஏதோ ஒரு புரோகிராம் நம் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பத் திரும்பத் துவங்கிக்கொண்டே இருக்கிறது. துவங்கும், சாகும், மறுபடி துவங்கும். ஒவ்வொரு துவக்கத்துக்கும் ஒரு வட்டம்.

இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டதால் எங்கள் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் பிழைத்தது. அதைச் சொல்கிறேன்.

பத்தமடைக் கடையில்

காலேஜ் விட்டு சேரன்மகாதேவி பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியதும், சாயங்காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு மணி நேரம் வேலை பார்க்கிறேன். ஜெராக்ஸ் கடை என்று பெயர், ஆனால் விண்ணப்பம் நிரப்புவது, சான்றிதழ் பிரிண்ட் எடுப்பது, பாய் வியாபாரிகளுக்கு டிசைன் போட்டோ அனுப்புவது எல்லாம் அங்கேதான். இருப்பது ஒரே கம்ப்யூட்டர். பழையது, விண்டோஸ் 10.

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு ஆவணங்கள் சேர்க்கும் சமயம் அது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்வியில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 கல்வியாண்டிலிருந்து நம் மாநிலத்தில் இருக்கிறது. அதற்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டும். பாய் நெய்கிற, எனக்குச் சாச்சி முறை வரும் ஒருத்தர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பிளஸ் டூ முடித்த பிள்ளை. என் வீட்டிலும் படிக்க வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் அந்த ஒரு தாளின் மதிப்பு எனக்கு நன்றாகத் தெரியும்.

விண்ணப்பத்தில் பெயரை அடிக்கிறேன், பாதி எழுத்து விழவில்லை! அம்பின் பக்கத்தில் வட்டம் ஒன்று வந்து வந்து போகிறது. வட்டம் வரும்போதெல்லாம் டைப் செய்யும் கட்டத்திலிருந்து கர்சர் நழுவிவிடுகிறது. திரும்ப கிளிக் செய்து அடித்தால் மறுபடியும் அப்படியே. பெயரில் ஒரு எழுத்து குறைந்தால் ஆதாரோடு ஒத்துப்போகாது. சாச்சி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். "எம்புள்ள பேரு சரியா விழுந்துட்டாப்பா?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார்.

கடைக்கார மாமா எட்டிப் பார்த்தார். "வைரஸ்தான்ல இது. ராத்திரிக்கு ஃபார்மட் அடிச்சிருவோம்."

"கொஞ்சம் பொறுங்க மாமா. அஞ்சே நிமிஷம்."

ஃபார்மட் அடித்தால் வட்டம் போயிருக்கும், உண்மைதான். கூடவே கடைக் கணக்கும், வியாபாரிகள் கொடுத்து வைத்திருந்த பாய் டிசைன் அத்தனையும் போயிருக்கும். பாயில் ஒரு இடத்தில் நெசவு இளகினால் எங்கள் உம்மா பாயைத் தறியிலிருந்து அறுத்துப் போடமாட்டார். விரலால் தடவிக்கொண்டே பின்னால் போய், எந்தப் பாவு நூல் தளர்ந்தது என்று பார்ப்பார். ஃபார்மட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அதுதான் ஞாபகம் வரும்.

முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். வட்டம் ஏறக்குறைய எட்டு வினாடிக்கு ஒரு தடவை வந்தது. கடிகாரம் மாதிரி ஒழுங்காக வந்தால் அது தற்செயல் இல்லை, யாரோ கணக்கு வைத்துச் செய்கிறார்கள். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் 'பி.ஐ.டி.' என்று ஒரு பத்தி இருக்கும். ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் விண்டோஸ் கொடுக்கும் டோக்கன் நம்பர் அது. (அந்த நம்பர்கள் எல்லாம் நாலால் வகுபடும், கவனித்துப் பாருங்கள்.) பட்டியலில் ஒரு பெயர் வந்தது, மறைந்தது. மறுபடி வந்தபோது வேறு நம்பர். 5128, பிறகு 5344, பிறகு 5912. ஒரே ஆள் ஒவ்வொரு தடவையும் புது டோக்கன் வாங்கி வரிசையில் நுழைகிறான்!

அதைப் பிடிப்பது சிரமம், கை வைப்பதற்குள் ஓடிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டால் டாஸ்க் மேனேஜரின் பட்டியல் அசையாமல் அப்படியே நிற்கும். பெயரை நிதானமாகப் படித்துக்கொண்டேன். பிறகு 'பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற புரோகிராமை இறக்கினேன். மைக்ரோசாப்ட்டின் 'சிஸ்இன்டர்னல்ஸ்' தொகுப்பில் இலவசமாகக் கிடைப்பது. இதில் புரோகிராம்கள் குடும்ப மரம் மாதிரித் தெரியும். யாரை யார் துவக்கினார் என்பதைத் தாய்க்குக் கீழே பிள்ளையாகக் காட்டும். புதிதாகப் பிறந்தது பச்சையில் மின்னும், செத்தது சிவப்பில் மின்னி மறையும். நான் தேடிய பெயர் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு என்று மின்னிக்கொண்டே இருந்தது. அதன் தாய் மேலே அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அது ஒரு பிரிண்டரின் துணைப் புரோகிராம். அந்தப் பிரிண்டரை மாமா போன வருஷமே எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டார். பிரிண்டர் போனது, அதன் சாப்ட்வேர் போகவில்லை. பிள்ளைப் புரோகிராம் எழுந்து பிரிண்டரைத் தேடும், காணாமல் செத்துவிடும். 'ஐயோ, செத்துவிட்டதே' என்று தாய்ப் புரோகிராம் உடனே அதைத் திரும்ப எழுப்பும். எட்டு வினாடிக்கு ஒரு தடவை, மிஷின் ஓடும் நேரமெல்லாம்! தாயின் மேல் ரைட் கிளிக் செய்து அதை நிறுத்தினேன். அந்த நிமிஷமே வட்டம் நின்றது. விண்ணப்பத்தை முடித்து, பெயரைச் சாச்சியின் மகளையே ஒரு தடவை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகு 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாகப் போய் அந்தப் பழைய பிரிண்டரின் சாப்ட்வேரை முழுசாக நீக்கினேன். இதை விட்டுவிட்டால் அடுத்த தடவை மிஷினைப் போடும்போது தாயும் பிள்ளையும் மறுபடி எழுந்துவிடும்.

மற்ற இடங்களில் எப்படித் தேடுவது?

எல்லா வட்டமும் இவ்வளவு சுலபமாகப் பிடிபடாது. ஆனால் தேடும் வரிசை ஒன்றுதான். மிஷின் உயிரோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் லாப வயிற்றுக்கு இதற்கு ஸ்டெதஸ்கோப் வேண்டாம், கேப்ஸ் லாக் விசை போதும். அழுத்தினால் கீபோர்டில் விளக்கு மாறுகிறதா? மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது, பவர் பட்டன் பக்கம் போகாதீர்கள். திரை மட்டும் உறைந்த மாதிரி இருந்தால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிப்ட், 'பி' எழுத்து நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11-இல் திரைக்கான டிரைவர் புதிதாகத் துவங்கும், ஒரு 'பீப்' சத்தம் கேட்கலாம். விளக்கும் மாறவில்லை, சில நிமிடம் பொறுத்தும் அசைவில்லை என்றால்தான் பவர் பட்டனைப் பிடித்து அழுத்துவது.

அடுத்து, வட்டம் எங்கே இருக்கிறது? மவுஸை டாஸ்க்பார் மேலும், வேறு ஜன்னல் மேலும் கொண்டுபோங்கள். ஒரே ஜன்னலில் மட்டும் வட்டம் என்றால் குற்றவாளி அந்தப் புரோகிராம். டெஸ்க்டாப்பிலும் டாஸ்க்பாரிலும் வட்டம் என்றால் பெரும்பாலும் 'எக்ஸ்ப்ளோரர்' மாட்டிக்கொண்டிருக்கும். டாஸ்க்பார், டெஸ்க்டாப், ஃபோல்டர் ஜன்னல் எல்லாவற்றையும் காட்டுவது அதுதான். டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு தடவை மறைந்து வரும், பயப்பட வேண்டாம். அது அடிக்கடி மாட்டினால் பென் டிரைவைக் கழற்றிப் பாருங்கள். லேபில் என்றால் நெட்வொர்க் டிரைவ் ஒன்று இணைத்திருப்பார்கள். சர்வர் அணைந்திருக்கும்போது இல்லாத டிரைவைத் தேடி எக்ஸ்ப்ளோரர் காத்துக் கிடக்கும்.

யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று விண்டோஸையே கேட்கவும் முடியும். இது பலருக்குத் தெரியாது. 'டீட்டெயில்ஸ்' பக்கத்தில் தொங்கிய புரோகிராமின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று ஒன்று இருக்கும். அழுத்தினால், 'இந்தப் புரோகிராம் அந்தப் புரோகிராமுக்காகக் காத்திருக்கிறது' என்று சங்கிலியாகக் காட்டும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் 'டெட்லாக்' பற்றி வட்டம் வட்டமாகப் படம் போட்டு மார்க் வாங்கினோமே, அதே படம்தான் இங்கே உயிரோடு! வேர்டு தொங்கும்போது இதைப் பார்த்தால் சில சமயம் சங்கிலியின் கடைசியில் பிரின்ட் சம்பந்தப்பட்ட ஒரு பெயர் நிற்கும். வேர்டு ஒரு ஃபைலைத் திறக்கும்போது டிஃபால்ட் பிரிண்டரிடம் தாளின் விவரங்களைக் கேட்கும். அது நெட்வொர்க்கில் இருந்து, அணைந்தும் கிடந்தால் பதில் வராது. டிஃபால்ட் பிரிண்டரை 'மைக்ரோசாப்ட் பிரின்ட் டு பி.டி.எஃப்' என்று மாற்றிப் பாருங்கள். அதோடு சரியானால் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

வட்டத்தோடு மிஷின் முழுவதும் ஆமையாகிவிட்டால் டாஸ்க் மேனேஜரில் 'டிஸ்க்' பத்தியைப் பாருங்கள். 100 சதவீதத்தில் நின்றால் ஹார்ட் டிஸ்க் திணறுகிறது. அப்டேட்டோ, ஆன்டிவைரஸ் ஸ்கேனோ ஓடினால் முடியும்வரை விட்டுவிடலாம். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணன், அக்காமார் வாங்கிய லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அந்த வயசுள்ள எந்த ஹார்ட் டிஸ்க்கும் மெதுவாகத்தான் ஓடும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மெதுவாக ஓடுவதும் சாகக் கிடப்பதும் வேறு வேறு. 'ஈவென்ட் வியூவர்' திறந்து, 'சிஸ்டம்' பகுதியில் 'டிஸ்க்' என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண்ணுள்ள குறிப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன இடம் இருக்கிறது. 153 என்றால் ஒரு முறை படிக்கவோ எழுதவோ முடியாமல் மறுபடி முயன்றிருக்கிறது. இவை அடுக்கடுக்காக இருந்தால் எந்த ரிப்பேரையும் தொடாதீர்கள். 'செக் டிஸ்க்' கூட வேண்டாம், அது சாகக் கிடக்கும் டிஸ்க்கை இன்னும் அலைக்கழிக்கும். முதல் வேலை, முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் நகல் எடுப்பது. அப்புறம் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போடுங்கள்.

இத்தனையிலும் ஆள் அகப்படவில்லை என்றால் 'சேஃப் மோட்'. விண்டோஸ் 10-இல் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் அதற்கான வழி திறக்கும். சேஃப் மோடில் விண்டோஸ் தனக்கு அத்தியாவசியமானதை மட்டுமே எழுப்பும். அங்கே வட்டம் வரவில்லை என்றால், வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுதான் காரணம். அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க நாம் படித்த 'பைனரி சர்ச்' கை கொடுக்கும். 'எம்எஸ்கான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து 'சர்வீசஸ்' பக்கத்துக்குப் போங்கள். எதையும் தொடுவதற்கு முன்னால் 'ஹைட் ஆல் மைக்ரோசாப்ட் சர்வீசஸ்' என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். இதை மறந்து எல்லாவற்றையும் அணைத்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் அணைந்துவிடும். டிக் அடித்த பிறகு மிச்சம் 32 சர்வீஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாதியை, அதாவது 16-ஐ அணைத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். வட்டம் போய்விட்டால் குற்றவாளி அணைத்த பாதியில் இருக்கிறது, இன்னும் வந்தால் மற்ற பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16, 8, 4, 2, 1. ஐந்தே ரீஸ்டார்ட்டில் ஆள் கையில். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் 31 தடவைகூட ஆகலாம்; பழைய மிஷினில் அதற்குள் விடிந்துவிடும். 'ஸ்டார்ட்அப்' பட்டியலையும் இப்படியே பாதி பாதியாகப் பார்க்கலாம். கண்டுபிடித்ததும் மற்றவற்றைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

'எஸ்.எஃப்.சி. ஸ்கேன்நவ்' என்ற கட்டளையைப் பலர் எடுத்ததும் மந்திரம் மாதிரி ஓட்டுகிறார்கள். கெட்டுப்போன விண்டோஸ் சிஸ்டம் ஃபைல்களை அது சரிசெய்யும், அவ்வளவுதான். நான் பார்த்த அளவில் வட்டத்துக்கு அது காரணமாக இருப்பது குறைவு. கடைசியில் ஓட்டினால் போதும். 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்று விளம்பரத்தில் வருபவற்றைத் தொடவே வேண்டாம். வைரஸ் என்ற சந்தேகமும் எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஆனால் வந்து வந்து போகும் அந்தப் புரோகிராம் 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்து ஓடினால், அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாகப் பெயர் வைத்திருந்தால், அப்போது சந்தேகப்படலாம். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு முழு ஸ்கேன் கொடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் அந்த மிஷின்களில் இந்தக் கவனம் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும்.

கடைசியாக ஒன்று, இது நம் லேப் ஸ்பெஷல். எல்லாப் புரோகிராமும் நன்றாக ஓடுகிறது, கிளிக் வேலை செய்கிறது, டைப் விழுகிறது, ஆனால் அம்பு மட்டும் எங்கே போனாலும் வட்டமாகவே இருக்கிறது! டாஸ்க் மேனேஜரில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. முன்னால் உட்கார்ந்த யாரோ ஒரு குறும்புக்காரர் 'பாயின்டர்ஸ்' பக்கத்தில் 'நார்மல் செலக்ட்' என்பதற்கு வட்டப் படத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார். அதே பக்கத்தில் 'நார்மல் செலக்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்து 'யூஸ் டிஃபால்ட்' அழுத்தி 'அப்ளை' கொடுங்கள், அம்பு வந்துவிடும். இந்த வேலையைச் செய்வது நம் ஜூனியர்களில் யார் என்று லேபில் எல்லாருக்கும் தெரியும்.